கண்ணாடிச் சூளையும் பூச்சுக் கம்பியும்

சென்னையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில், 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் ஆலை தகடு கண்ணாடி வார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே உருகிய கண்ணாடி, உருகிய உலோகத்தின் மேல் இரவு பகலாக மிதந்து செல்கிறது. சுமார் 1,100 டிகிரி வெப்பத்தில் தொட்டிக்குள் நுழைந்து, 600 டிகிரிக்கு ஆறி மறுமுனையில் இறுகிய நாடாவாக வெளிவரும்வரை அதன் அடியில் கிடப்பது வெள்ளீயம். கண்ணாடியும் உலோகமும் டன் கணக்கில், செந்தணலில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு பக்கம், வீட்டு அறையில் வைக்கக்கூடிய சிறு மின்சூளையில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, தொங்கவிடக் கொக்கி வேண்டுமென்று நடுவில் ஒரு விரல் நீளம் ஜிஐ கம்பியை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை, செருகி, 800 டிகிரிக்குச் சூடேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது காட்சியைப் பார்த்தால் பயம் வருகிறது, இரண்டாவதைப் பார்த்தால் வருவதில்லை. ஆனால் மூச்சு உள்ளே இழுக்கும் புகையை வைத்துக் கணக்குப் பார்த்தால், கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். கண்ணாடியோடு உலோகத்தைச் சேர்த்துச் சுடும் தொழிலில் நேர்ந்த கேடுகளின் வரலாற்றைப் புரட்டினால், உலோகம் என்ற பொதுப்பெயர் குற்றவாளியாக நிற்பது அரிது. மேலே மெல்லிசாகப் பூசியிருந்ததோ, கலவையில் சிறு பங்காகச் சேர்ந்திருந்ததோதான் திரும்பத் திரும்ப ஆளை வீழ்த்தியிருக்கிறது.

காரணம் எளிது. ஒரு உலோகம் சூளையில் நல்லதா கெட்டதா என்பதை அது எப்போது உருகுகிறது என்பதைவிட, எப்போது ஆவியாகிறது என்பதே முடிவு செய்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிக்க 2,600 டிகிரி வேண்டும். ஆயிரம் டிகிரியிலும் அது தொட்டியிலேயே கிடக்கும், மேலே எழுந்து வராது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தார் 1950-களில் இந்த முறையை உருவாக்கியபோது, 600 டிகிரியில் திரவமாக இருக்க வேண்டும், ஆயிரத்தில் ஆவியாகக் கூடாது, கண்ணாடியைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று வடிகட்டியதில் தேறியவை காலியம், இண்டியம், வெள்ளீயம் என்ற மூன்றே. மலிவானது வெள்ளீயம். அதுவும் காற்றுப்பட்டால் கறுத்துவிடும் என்பதால் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த மூட்டத்துக்குள் பூட்டி வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் போராடிய பிறகு 1959-இல்தான் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எந்த உலோகத்தை உட்காரவைக்கலாம் என்ற கேள்விக்கு அவ்வளவு கவனம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கவனம் ஆலைகளோடு பிறந்ததல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிக் குழலை நீளமாக இழுத்து, நறுக்கி, சிறு மணிகள் செய்தார்கள். 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது உலகின் கவனத்துக்கு வந்த ஊர் அது. அதே இழுவை முறை ஆந்திரத்தில், திருப்பதிக்கு அருகே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை கைத்தொழிலாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. அங்கே உருகிய கண்ணாடிக் கட்டியைத் தாங்குவது வெறும் இரும்புக் குழாய். இரும்பு துருப்பிடிக்கும், செதிள் விடும். ஆனால் அந்த அடுப்பு எட்டும் வெப்பத்தில் ஆவியாகி மூக்குக்கு வராது. விளக்குச் சுடரில் கண்ணாடியைக் கம்பியில் சுற்றி மணி செய்கிறவர்கள் கம்பிக்கு ஒரு பூச்சு பூசுவதுண்டு. அது களிமண் பூச்சு. மணி ஆறியபின் கம்பியிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசுவது. காய்ந்த களிமண்ணைச் சுரண்டும்போது தூசி பறக்கும், அதற்கு நனைத்துச் சுரண்டினால் போதும். தீயில் அது எந்த நஞ்சையும் விடாது. ஆக, பூச்சு என்றாலே கேடு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மணிக்காரர் தன் கம்பியில் பூசியது இன்னது என்று அறிவார், தானே குழைத்துப் பூசியதல்லவா. மீனாக்காரி வேலையும் அப்படித்தான். தங்கம், வெள்ளி, செம்பு இவற்றின் மேல் கண்ணாடிப் பொடியை வைத்துச் சுடும் மீனாக்காரர்கள் பித்தளையைப் பொதுவாக விலக்கினார்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் அடியிலிருந்து கிளம்பி மேற்பரப்பைக் குமிழவைத்துக் கெடுத்துவிடும். வேலை அழகாக வரவேண்டும் என்ற அக்கறையே மறைமுகமாக நுரையீரலையும் காத்தது.

பூசிய கம்பியைக் கண்ணாடிக்குள் புதைப்பதில் தொழில்நுட்பம் அடைந்த வெற்றியும் ஒன்றுண்டு. நம் வீடுகளில் ஒரு நூற்றாண்டு எரிந்த குண்டு பல்பு அது. எடிசனின் பல்பில் மின்சாரத்தைக் கண்ணாடிக்குள் கொண்டுபோன கம்பி பிளாட்டினம். சூட்டில் அது விரியும் அளவும் கண்ணாடி விரியும் அளவும் ஏறத்தாழ ஒன்று என்பதால் ஆறும்போது கண்ணாடி விரிசல் விடாது. செம்பு கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பிளாட்டினத்தின் விலை தாங்காமல், 1910-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் காலின் ஃபிங்க் ஒரு வழி கண்டார். நடுவே இரும்பும் நிக்கலும் கலந்த கம்பி, சுற்றிலும் செம்புத் தோல், அதன் மேல் வெண்காரப் பூச்சு. ட்யூமெட் என்று பெயர். உலோகத் தோலும் அதன் மேல் பூச்சும் உள்ள கம்பி உருகிய கண்ணாடிக்குள் புகுகிறது, கேடு இல்லை. செம்பு கொதிக்க 2,500 டிகிரிக்கு மேல் வேண்டும். வெண்காரமோ கண்ணாடியிலேயே கரைந்து கலந்துவிடும். ஒவ்வொரு அடுக்கும் இன்னது, இந்த வெப்பத்தில் இன்னது செய்யும் என்று தெரிந்து வைத்த பூச்சு இது. கடையில் கிலோ கணக்கில் வாங்கும் கம்பிக்கு அப்படி ஒரு ஜாதகம் கிடையாது.

துத்தநாகம் பூசிய கம்பி சந்தைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1837-இல் பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் இரும்பைத் துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேலி, கூரை, கொடி, தூண் என்று ஊரெல்லாம் அது பரவியதற்குக் காரணம், மழையில் துரு ஏறாது என்பதே. மழைக்காகப் பூசியதைத் தீயில் வைப்பார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மோட்டார் சுற்றும் இனாமல் செம்புக் கம்பியின் கதையும் அதேதான். பார்வைக்குப் பளபளக்கும் செம்பாக இருக்கும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசின் படலம் இருக்கிறது. மின்சாரம் கசியாமல் காப்பது அதன் வேலை. செம்பரம்பாக்கத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் இந்தக் கம்பிகள் வெள்ளமாக வந்தது 1990-களின் இறுதியிலிருந்து. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். கார் என்றால் வயர், மோட்டார் என்றால் சுருள், வெல்டிங் என்றால் செம்பு முலாம் பூசிய எஃகுக் கம்பி. வெல்டிங் கம்பியைப் பார்த்து செம்பு என்று ஏமாறுவது மிக எளிது. அது ஏமாற்றுமே தவிர சூளையில் பெரிய தீங்கு செய்யாது. உள்ளிருக்கும் எஃகு செதிளாகி வேலையைக் கெடுக்கும், அவ்வளவுதான். ஜிஐ கம்பியும் இனாமல் கம்பியும் அப்படியல்ல.

பூச்சால் விளைந்த நோயை மருத்துவர்கள் எழுதத் தொடங்கிய காலத்திலேயே கண்ணாடித் தொழில் அதில் இடம்பெற்றுவிட்டது. 1700-இல் இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். கண்ணாடிக்குப் பின்னால் பாதரசமும் வெள்ளீயமும் பூசி முகம் பார்க்கும் கண்ணாடி செய்த வெனிஸ் தொழிலாளர்கள் கை கால் நடுங்கிப் போவதை அதில் பதிவு செய்தார். 1861-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், ஃபுர்த், நியூரன்பெர்க் ஊர்களின் கண்ணாடித் தொழிலாளர்களை ஆராய்ந்து பாதரச நோயை விரிவாக எழுதினார். வெள்ளி பூசும் முறை அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தும் பாதரசம் விட்டுப்போகப் பல பத்தாண்டுகள் ஆயின. கண்ணாடி யாரையும் கொல்லவில்லை. அதன் முதுகில் இருந்த மயிரிழைப் படலம் கொன்றது. துத்தநாகத்தின் கதை இதைவிட மென்மையானது. இங்கிலாந்தில் பித்தளை வார்ப்பவர்களுக்கு வேலை முடிந்த சில மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருவதை 1831-இல் தாக்ராவும், 1862-இல் கிரீன்ஹவும் எழுதினார்கள். உலோகப் புகைக் காய்ச்சல் என்று இன்று அதற்குப் பெயர். ஒன்றிரண்டு நாளில் தானே இறங்கிவிடும். தினமும் புகையில் நிற்பவருக்கு ஓரளவு பழகிப்போய், ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்களன்று மீண்டும் கடுமையாக வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்து, சூளைக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போடாமலே விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும்.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய சான்று நகைக்கடைப் பலகையிலேயே இருக்கிறது. கேடிஎம் என்ற மூன்றெழுத்தைப் பார்த்து நகை வாங்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. பொன்னைப் பற்றவைக்க முன்பு செம்பு அதிகம் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். அதனால் நகையின் மாற்றுக் குறைந்தது. 92 பங்கு பொன்னோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால் மாற்றுக் குறையாமல் பற்றவைக்கலாம் என்று வந்ததுதான் கேடிஎம். வாங்குகிறவருக்கு நல்லது. ஊதுகுழலை வாயில் வைத்து நெருப்பை ஊதிய ஆசாரிக்கு? காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கிறது. அதன் புகை துத்தநாகப் புகைபோல ஒருநாள் காய்ச்சலோடு போவதில்லை; நுரையீரலை அழற்றும், சிறுநீரகத்தைத் தாக்கும், அளவு மிஞ்சினால் உயிரை எடுக்கும். காட்மியம் பின்னர் கைவிடப்பட்டது, பலகையில் பெயர் மட்டும் நின்றது. எட்டே பங்குதான் அது. அதையும் பொன்னின் மாற்று பற்றிய பேச்சாகவே ஊர் அறிந்தது, ஆசாரியின் மார்பு பற்றிய பேச்சாக அல்ல.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. துத்தநாகம் கொதிப்பது 907 டிகிரியில், கண்ணாடிச் சூளை 800-க்கு மேல் போவதில்லை, பிறகு ஏன் பயம் என்பது முதலாவது. தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே ஈரத்துணியிலிருந்து காய்ந்து போகிறதே, அதுதான் விடை. துத்தநாக ஆவியின் அழுத்தம் 720 டிகிரியை நெருங்கும்போதே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. உருகிய பூச்சின் மேல் ஆக்சைடு ஏடு படர்ந்து ஆவியைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் சூளையில் பொருள் பத்து நிமிடம் இருப்பதில்லை, மணிக்கணக்கில் இருக்கிறது.

அளவு மிகச் சிறிது என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் தடிமன் கம்பியில் ஒரு மீட்டர் நீளத்தின் மேற்பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 60 கிராம் பூச்சு என்று வைத்துக்கொண்டால் அதில் 0.19 கிராம் துத்தநாகம். முழுவதும் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்தால் சுமார் 235 மில்லிகிராம் ஆக்சைடு. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறையில் அது கனமீட்டருக்கு 8 மில்லிகிராமைத் தாண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு விதித்த வரம்பு 5. முழுப் பூச்சும் வெளியேறாது, ஜன்னல் திறந்திருக்கும், ஒருவர் எட்டு மணி நேரமும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார் என்று மறுப்பாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கொக்கிக்கு ஆகும் இரண்டு அங்குலக் கம்பியால் யாருக்கும் காய்ச்சல் வராது. திருவிழாச் சந்தைக்கு நூறு தொங்கணி செய்கிறவர் இரண்டு அங்குலத்தோடு நிற்பதில்லை என்பதையும் மறுப்பாளர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நூறு கொக்கிக்கு ஐந்து மீட்டர் கம்பி ஆகிறது.

கம்பி கண்ணாடிக்குள் புதைந்துவிடுகிறது, பூச்சு எப்படி வெளியே வரும் என்பாரும் உண்டு. கொக்கி என்றால் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கத்தானே வேண்டும். அதைவிட முக்கியமானது நேர வரிசை. இனாமல் கம்பியின் பிசின் 300, 400 டிகிரியிலேயே கருகிப் புகைகிறது. அப்போது கண்ணாடி இன்னும் கெட்டியாக இருக்கிறது, இடுக்கெல்லாம் திறந்திருக்கிறது. பாலியூரித்தேன் வகைப் படலம் கருகினால் ஐசோசயனேட் வரும், ஆஸ்துமாவைக் கிளப்பும் பொருள் அது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்த 29-இல் ஐசோசயனேட் நஞ்சேற்றமும் ஒன்று. பிவிசி உறை என்றால் ஹைட்ரஜன் குளோரைடு. கண்ணாடி இளகி மூடும் முன்பே புகை அறைக்குள் வந்துவிட்டிருக்கும். மூடியபின் மிச்சமிருப்பது குமிழும் கறையுமாக உள்ளே நிற்கும். பூச்சை முதலில் எரித்துவிட்டால் ஆயிற்று என்பவர்கள் புகையின் முகவரியை மாற்றுகிறார்களே தவிரப் புகையை ஒழிக்கவில்லை. அமிலத்தில் ஊறவைத்துத் துத்தநாகத்தைக் கரைப்பது வேலை செய்யும், ஆனால் அமிலமும் கழிவுநீரும் தனித் தொல்லை. அவ்வளவு பாடுபடுவதற்குப் பூச்சில்லாத செம்புக் கம்பியோ நிக்ரோம் கம்பியோ மலிவு. மெல்லிசாக இருந்தால் செம்பு இளகிக் கொடுக்கும், கண்ணாடி பிளக்காது. பால் குடித்தால் புகை முறியும் என்ற வெல்டிங் பட்டறை நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. வயிற்றுக்குப் போகிற பால் நுரையீரலுக்கு எப்படிப் போகும்?

பெரிய ஆலைகள் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டன, பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால். கார்களில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஆணை 2000-இல் வந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கு வேறு வழியில்லை, ஒவ்வொரு ஆணியின் பூச்சுக்கும் பத்திரம் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் சட்டம் எட்டுவது ஒரு எல்லைவரைதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தி 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்களை 20, 40 என்று உயர்த்தியது. ஒருவரோ இருவரோ நடத்தும் சூளை இரண்டு கணக்கிலும் வராது. அப்படிப்பட்டவருக்கு யாரும் பத்திரம் தருவதில்லை.

பூச்சுக்கு அடியில் என்ன என்று கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரம், பூசிய உலோக இழையை வைத்தே பெயர் வாங்கிய ஊர். பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழை, அதன் மேல் பொன் முலாம்: ஜரிகை என்பது இதுதான். வெள்ளிக்குப் பதில் செம்பை வைத்துப் பளபளப்பாக முலாம் பூசினால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், 1971-இல் அரசே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அங்கே தொடங்கியது. சேலை வாங்குகிறவர்கள் இன்றும் உரசிப் பார்க்கிறார்கள், சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே கேள்வியைப் பிறப்பித்தது பணம். பழைய பட்டுச் சேலை வாங்க வருகிறவர் ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்று விரல் நுனியில் சொல்லுவார். எரித்து எடுக்கும்போது எழும் புகையைப் பற்றி அந்த பேரத்தில் பேச்சு வராது.

காயலான் கடைத் தராசிலும் இதே அறிவுதான் வேலை செய்கிறது. பளிச்சென்ற வெற்றுச் செம்புக்கு ஒரு விலை, இனாமல் ஏறிய சுருள் கம்பிக்கு அதைவிடக் குறைந்த விலை, பிளாஸ்டிக் உறையோடு வரும் வயருக்கு இன்னும் குறைவு. கம்பியின் மேல் ஏதோ இருக்கிறது, அதை நீக்கினால்தான் செம்புக்குச் செம்பு விலை கிடைக்கும் என்பது எடை போடும் பையனுக்கும் தெரியும். வாங்கிச் செல்கிறவர் அந்தக் கம்பியைச் செடிக்குக் கட்டப்போகிறாரா, 800 டிகிரியில் வைக்கப்போகிறாரா என்று தராசுக்குத் தெரிய வேண்டியதில்லை.